ரிக்டரைக் கேட்கத் தொடங்குபவருக்கு

மேற்கத்தியச் செவ்வியல் பியானோவைக் கேட்க ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘சிறந்த நூறு’ என்ற மாதிரி ஒரு தொகுப்பைப் போட்டுவிடுவார்கள். மூன்று நிமிடம் மொசார்ட், நான்கு நிமிடம் ஷோப்பன், நடுவில் கொஞ்சம் பீத்தோவன். இரண்டு நாள் நன்றாக இருக்கும். மூன்றாம் நாள் அது கீரை ஆயும்போது பின்னால் ஓடுகிற சத்தமாகிவிடும்.

எனக்குப் பலன் தந்த வழி வேறு. ஒரே ஒரு கலைஞரைப் பிடித்துக்கொண்டு, அவருடைய வாழ்க்கைக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு, ஐந்தாறு ஒலிப்பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பது. நான் பிடித்தது ஸ்வியாதஸ்லாவ் ரிக்டரை. பெயரைக் கேட்டதும் பூகம்பம் நினைவுக்கு வந்தால் தப்பில்லை, ஆனால் அளவுகோல் ரிக்டர் அமெரிக்கர், வேறு ஆள். நம்மவர் 1915இல் உக்ரைனில் உள்ள ஸிதோமிரில் பிறந்து, 1997இல் மாஸ்கோவில் இறந்த சோவியத் பியானோக் கலைஞர்.

ஏன் இவர்? தனிக் கச்சேரிக்கு மட்டும் தன்னிடம் எண்பது நிகழ்ச்சிகளுக்கான சரக்கு இருப்பதாகச் சொன்னவர். பாக் முதல் தன் காலத்து ப்ரொகோஃபியெவ் வரை எல்லாம் அதில் உண்டு. அதனால் ஒரு ஆளைப் பிடித்தாலே ஊரையே சுற்றிப் பார்த்த மாதிரி ஆகிவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது. ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஒலிப்பதிவு செய்வது அவருக்குப் பிடிக்காது. அவருடைய நல்ல பதிவுகளில் பெரும்பங்கு மேடையில், ஆட்கள் முன்னால் பிடித்தவை. வாசிப்பவரும் கேட்பவரும் ஒரே அறையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதைப் புதியவர் காதுக்குக் காட்ட இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

1. உட்காரும் முன்

முதல் வேலை, மின்விசிறியை நிறுத்துவது. சிரிக்காதீர்கள். பியானோவின் மிக மெல்லிய ஒலி நம் வீட்டு மின்விசிறிச் சத்தத்துக்குள் முழுசாகக் காணாமல் போய்விடும், ரிக்டரின் பாதி வித்தை அந்த மெல்லிய ஒலியில்தான் இருக்கிறது. விசிறி இல்லாமல் உட்கார முடியாத மாதம் என்றால் காதை நன்றாக மூடும் ஹெட்போன் வேண்டும். விலை உயர்ந்தது தேவையில்லை.

அடுத்து ஒலி அளவு. கேட்கப்போகும் இசையில் எது உச்சமோ அந்த இடத்தை முதலில் ஓட்டிப் பார்த்து, காது வலிக்காத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதைத் தொடவே கூடாது. மெல்லிய இடம் வந்ததும் ஏற்றி, பலத்த இடம் வந்ததும் இறக்கிக்கொண்டிருந்தால் அவர் ஏற்பாடு செய்த மேடு பள்ளத்தை நீங்களே மண்போட்டு நிரவிவிட்டீர்கள் என்று அர்த்தம். கைப்பேசிச் செயலிகளில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போடும் பொத்தானையும்தான். அப்புறம், இலவசச் செயலியில் கேட்டால் சொனாட்டாவின் (பெரும்பாலும் பல பகுதிகளாக எழுதும் வாத்திய இசை) இரண்டு பகுதிகளுக்கு நடுவே சோப்பு விளம்பரம் வரும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பாக் என்றால் பி.டபிள்யூ.வி. என்று ஒரு எண் இருக்கும், ஷூபர்ட் என்றால் டி, மொசார்ட் என்றால் கே, மற்ற பலருக்கு ஓபஸ். எல்லாம் பட்டியல் எண்கள்தான், நூலகப் புத்தகத்தின் முதுகில் ஒட்டிய சீட்டு மாதிரி. தேடும்போது இசையமைத்தவர் பெயர், எண், ரிக்டர், ஆண்டு ஆகிய நான்கையும் சேர்த்துத் தட்டுங்கள். ஆண்டு முக்கியம். ஒரே இசையை அவர் பத்து ஊரில் பத்து விதமாக வாசித்த பதிவுகள் கிடைக்கும்.

2. முதல் கச்சேரி: சோஃபியா, 1958

1958 பிப்ரவரி 25. பல்கேரியாவின் தலைநகர் சோஃபியா. குளிர்காலம், அரங்கில் ஊரே இருமுகிறது. ஒலிப்பதிவும் சுமார்தான். முதன்முதலில் போட்டபோது கோப்பு கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து நிறுத்திவிட்டேன். நீங்கள் நிறுத்தாதீர்கள். மேற்கு நாட்டுக்காரர்கள் ரிக்டரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரைப் பரப்பிய பதிவுகளில் இது ஒன்று.

நிகழ்ச்சியின் பெரிய உருப்படி ரஷ்ய இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் ‘கண்காட்சிச் சித்திரங்கள்’. அரை மணி நேரம் ஓடும். கதை எளிது. முசோர்க்ஸ்கியின் நண்பர், விக்டர் ஹார்ட்மன் என்ற ஓவியர், 1873இல் இளவயதிலேயே இறந்துபோனார். அடுத்த ஆண்டு அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். அந்த அறைகளில் நடந்து நடந்து பார்ப்பதை முசோர்க்ஸ்கி பியானோவுக்கு எழுதினார். பத்துப் படங்கள். படங்களுக்கு இடையே ஒரு ‘நடை’ வரும். ஆரம்பத்தில் தனியாக ஒலிக்கும் மெட்டே அந்த நடைதான். அதை மனப்பாடமாகும்வரை நான்கைந்து முறை கேட்டுக்கொள்ளுங்கள், பிறகு உள்ளே போகலாம். ஒலி அளவை வைக்க வேண்டிய இடம் கடைசிப் படமான ‘கீவின் மகா வாசல்’.

உள்ளே போனதும் நான்காம் படத்தில் நில்லுங்கள். பெயர் ‘பீட்லோ’, போலந்து மொழியில் மாடு. பெரிய சக்கரம் வைத்த மாட்டு வண்டி. இடது கை அடியில் கனமாக, ஒரே சீராக அடித்துக்கொண்டு போகிறது, அதன்மேல் ஒரு சோகமான பாட்டு. முசோர்க்ஸ்கி இதை முதல் அடியிலிருந்தே பலமாக வாசிக்கும்படிதான் எழுதினார். வண்டி நம் மூக்குக்கு நேரே நிற்கிறது, பிறகு தூரப் போகிறது. அவர் இறந்தபின் இன்னொரு ரஷ்ய இசையமைப்பாளர் ரிம்ஸ்கி-கொர்சகோவ் அச்சுக்குக் கொடுத்தபோது, தூரத்திலிருந்து மெதுவாக வந்து, நெருங்கி, போவதாக மாற்றிவிட்டார். 1922இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் இதை ஆர்கெஸ்ட்ராவுக்கு, அதாவது பெரிய வாத்தியக் குழுவுக்கு, எழுதியபோதும் அந்த மாற்றம் தொடர்ந்தது. உலகம் முழுக்கப் பிரபலமான அந்த ஆர்கெஸ்ட்ரா வடிவம் ரிக்டருக்கு அறவே பிடிக்காது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று பாருங்கள். நோட்ஸில், அதாவது இசையை எழுதிவைத்த தாளில், ஒரே ஒரு குறியை மாற்றினால் காட்சியே மாறுகிறது என்பது அப்போது புரியும். ரிக்டர் ஏன் வாழ்நாள் முழுக்க ‘எழுதியிருப்பதை வாசி’ என்று பிடிவாதமாக இருந்தார் என்பதற்கும் இது முதல் பாடம்.

இன்னொரு இடம் ‘நிலவறைக் கல்லறைகள்’. அதன் இரண்டாம் பாதியில் வலது கை மேலே நடுங்கிக்கொண்டே இருக்கும், அதற்குக் கீழே ஒரு பழகிய மெட்டு மெலிந்து, அடையாளம் தெரியாமல் வரும். நீங்கள் மனப்பாடம் செய்த அதே நடை. படம் பார்த்துக்கொண்டிருந்தவர் படத்துக்குள்ளேயே போய்விட்டார். யாரும் சொல்லாமல் இதைக் காது பிடித்துக்கொண்ட அன்று, அந்த வாரத்துக்கு அது போதும்.

இருமல் பற்றி ஒரு வார்த்தை. சில இடங்களில் விரலும் தவறியிருக்கிறது. ஸ்டுடியோவாக இருந்தால் வெட்டி ஒட்டியிருப்பார்கள். இங்கே அந்த ஆபத்து முழுக்கக் காதுக்குத் தெரிகிறது, கடைசி வாசலில் அவர் எதையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளாமல் இறங்கி அடிக்கிறார். நாலாவது முறை கேட்கும்போது இருமல் தொந்தரவாக இருக்காது, மேலே மெல்லிய ஓசை வரும்போது அது அடங்குவதைக் கவனிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

அதே கச்சேரியில் லிஸ்ட் எழுதிய ‘ஃபூ ஃபொலே’ என்ற ஒரு எட்யூட் (விரல் வித்தைக்கான சின்ன உருப்படி) உண்டு. சதுப்பு நிலத்தில் இரவில் மினுக்கும் கொள்ளிவாய்ப் பிசாசு என்பது அந்தப் பெயருக்குப் பொருள். வலது கை இரட்டை இரட்டை ஸ்வரங்களாக, மகா வேகத்தில், கிசுகிசுப்பாக ஓட வேண்டும். வேகமாக வாசிக்கப் பலரால் முடியும். அந்த வேகத்தில் அவ்வளவு மெல்லிய ஒலியில், சதுப்பு நிலத்தின் ஒரு புல்கூட அசையாத மாதிரி வாசிப்பதைக் கேட்கப் பியானோக்காரர்கள் இன்றைக்கும் இந்தப் பதிவுக்குத் திரும்பி வருகிறார்கள்.

3. இப்போது ஆளைப் பாருங்கள்

கேட்பதற்கு முன்பே வாழ்க்கைக் கதையைப் படித்துவிட்டால் கதைதான் காதில் விழும். அதனால்தான் இது மூன்றாவது.

அப்பா தியோஃபில் ஜெர்மானிய வம்சாவளி, வியன்னாவில் படித்தவர், ஒடேசாவில் ஆர்கன் வாசித்தவர், ஆசிரியர். அம்மா அன்னா ரஷ்யர். அடிப்படைப் பாடம் அப்பாவிடம், அதோடு சரி. பையன் விரல் பயிற்சிப் பாடங்களை விட்டுவிட்டு வாக்னர், வெர்டி ஆபராக்களின் (பாட்டாகவே நடக்கும் நாடகங்கள்) நோட்ஸை எடுத்துவைத்து, ஆர்கெஸ்ட்ரா முழுவதையும் பியானோவில் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பதின்வயதிலேயே சம்பளத்துக்கு வாசித்து, பின்பு ஒடேசா ஆபரா அரங்கில் பாடகர்களுக்கு ஒத்திகை வாசிக்கும் வேலையில் சேர்ந்தார். 1934இல் முதல் தனிக் கச்சேரி, முழுக்க ஷோப்பன்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த மகா வாசலை மறுபடி கேளுங்கள். மணிகள் ஒரு பக்கம், கோயில் பாட்டு ஒரு பக்கம், இரண்டும் வெவ்வேறு தூரத்திலிருந்து வரும். பத்து விரலுக்குள் ஒரு ஆர்கெஸ்ட்ராவைத் திணிக்க அவர் பழகியது ஆபரா ஒத்திகை அறையில்.

22 வயதில் மாஸ்கோவுக்குப் போய், பியானோ ஆசிரியர் ஹைன்ரிஹ் நெய்ஹாவுஸ் முன் உட்கார்ந்தார். முறையான பள்ளிப் படிப்பில்லாத, ஒல்லியான அந்தப் பையன் வாசித்ததைக் கேட்டுவிட்டு, ‘இவன் மேதை என்று நினைக்கிறேன்’ என்று பக்கத்தில் இருந்த மாணவியிடம் நெய்ஹாவுஸ் கிசுகிசுத்தாராம். தான் கற்றுக்கொடுக்க ஏறக்குறைய எதுவும் இல்லை என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். கட்டாய அரசியல் வகுப்புகளுக்குப் போகாததால் ரிக்டரைக் கன்செர்வேட்டரி என்ற இசைக் கல்லூரியிலிருந்து நீக்கினார்கள், ஆசிரியர் திரும்ப அழைத்துக்கொண்டார். தங்க இடமில்லாமல் ஆசிரியர் வீட்டுப் பியானோவுக்கு அடியில் படுத்துத் தூங்கிய காலம் அது. பட்டம் கைக்கு வந்தது 1947இல், அதற்குள் நாடு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தார்.

1941இல் ஒடேசாவில் அப்பாவை ஜெர்மன் உளவாளி என்று சந்தேகித்துக் கைது செய்து சுட்டுவிட்டார்கள். அம்மா போரின்போது ஜெர்மனிக்குப் போய்விட்டார். தாயும் மகனும் மறுபடி சந்தித்தது 1960இல். அப்பாவைக் கொன்ற அரசின் தலைவர் ஸ்டாலின் 1953இல் இறந்தபோது, மகனை இறுதிச் சடங்கில் வாசிக்க வரவழைத்தார்கள். திபிலிசியிலிருந்து மலர்வளையங்கள் ஏற்றிய விமானத்தில் வந்து சேர்ந்ததாகவும், பியானோவின் பெடல் வேலை செய்யாததால் அடியில் நோட்ஸ் ஒன்றை மடித்துச் செருகியதாகவும் பின்னாளில் சொன்னார். தன் வாழ்க்கையைப் பற்றி அவர் பேசியதெல்லாம் இந்த ரகம்தான். பெரிய துயரத்துக்கு நடுவே ஒரு பெடலைப் பற்றி.

4. ஏழு எண்ணுங்கள்

ப்ரொகோஃபியெவின் ஏழாம் சொனாட்டா. 1943 ஜனவரி 18 அன்று மாஸ்கோவில் முதன்முதலாக மேடை ஏறியது. வாசித்தவர் ரிக்டர், நான்கு நாளில் பாடம் செய்து. ஸ்டாலின்கிராட் சண்டை இன்னும் முடியவில்லை.

நேராக மூன்றாம் பகுதிக்குப் போங்கள், மூன்று சொச்சம் நிமிடம்தான். ஏழு அட்சரத் தாளம். மிஸ்ர சாபு பழகிய காதுக்கு ஏழு பிரச்சினையே இல்லை, ஆனால் பிரிப்பு வேறு: தக–தகிட–தக. தொடையில் தட்டிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். நடுவிலிருக்கும் ‘தகிட’தான் இடறிவிடும். மற்றவர்கள் பலர் இதை எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஓட்டி, கடைசிப் பக்கத்தில் மூச்சு வாங்குவார்கள். ரிக்டரிடம் வேகத்தைவிட விடாப்பிடிதான் தெரியும். ஒரே பிடி, தளர்வே கிடையாது, சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

தட்ட முடிந்ததும் சொனாட்டா முழுவதையும் கேளுங்கள், இருபது நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

5. ஆர்கெஸ்ட்ராவோடு

இது சுலபமான படி, ஒரு வாரம் போதும். கான்செர்ட்டோ என்றால் இங்கே பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது. ராக்மனினாவின் இரண்டாம் கான்செர்ட்டோ, 1959, வார்சா, ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் விஸ்லோட்ஸ்கி. ஆரம்பத்தில் பியானோ தனியாக எட்டு முறை மணி அடிக்கிற மாதிரி இருக்கும். முதல் அடியிலிருந்து எட்டாவது அடி வரைக்கும் ஒலி எப்படி வீங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். ரிக்டர் அந்த எட்டையும் அவசரமே படாமல் ஒவ்வொன்றாக வைப்பார்.

அடுத்தது பிராம்ஸின் இரண்டாம் கான்செர்ட்டோ, 1960 அக்டோபர், சிகாகோ. ரிக்டரை அமெரிக்காவுக்கு முதல் தடவையாக விட்ட ஆண்டு. நடத்த வேண்டிய ஃப்ரிட்ஸ் ரைனருக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் எரிக் லைன்ஸ்டார்ஃப் வந்தார். அந்த இசைத்தட்டுக்கு கிராமி விருது கிடைத்தது. ரிக்டரோ அதைத் தன் மோசமான பதிவுகளில் ஒன்று என்று சொல்லிவந்தார். அவர் திட்டிய பதிவையெல்லாம் ஒதுக்கினால் நமக்குக் கேட்க ஒன்றும் மிஞ்சாது. கேளுங்கள்.

6. ஷூபர்ட்: இரண்டு மாதம் கழித்து

இந்தப் படியை மட்டும் முந்திக்கொண்டு தாண்ட வேண்டாம். ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டா, டி. 960, 1828 செப்டம்பரில் முடித்தார், நவம்பரில் இறந்துபோனார், வயது 31. ரிக்டரின் 1972 பதிவைத் தேடுங்கள்.

முதல் பகுதி மட்டும் 24 நிமிடம். அதே நோட்ஸை மற்றவர்கள் பலர் இருபது நிமிடத்தில் முடிப்பார்கள். ‘மிகவும் மிதமாக’ என்றுதான் ஷூபர்ட் எழுதியிருக்கிறார், அந்த ‘மிகவும்’ என்ற சொல்லை ரிக்டர் அளவுக்கு யாரும் நம்பியதில்லை. முதல் தடவை பொறுமை போய்விடும். எனக்கும் போயிற்று. பாட்டு நகரவே இல்லை, யாரோ வாசலில் நின்றுகொண்டு உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருக்கிறது.

கேட்கும் முறை இது. ஆரம்பத்தில் ஒரு மெட்டு, முணுமுணுப்பது போல. அந்த முதல் வரி முடிகிற இடத்தில், பியானோவின் கீழ்க்கோடியில் ஒரு நடுக்கம் கேட்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை மாற்றி மாற்றி வேகமாக அடிப்பதுதான், ட்ரில் என்பார்கள். தூரத்தில் எங்கோ இடி உருளுகிற மாதிரி, சின்னதாக. பிறகு மௌனம். மெட்டு ஒன்றும் நடக்காதது போல மறுபடி தொடங்கும். மின்விசிறி ஓடினால் இந்த ட்ரில் கேட்கவே கேட்காது, அதற்குத்தான் அவ்வளவு சொன்னேன்.

இனி அந்த ட்ரில்லைத் துரத்துங்கள். இந்தப் பகுதியின் முதல் பாகத்தை இரண்டு முறை வாசிக்கும்படி ஷூபர்ட் எழுதியிருக்கிறார். திரும்பப் போவதற்கு ஒரு சின்ன இணைப்பும் எழுதினார். அந்த இணைப்பில்தான், முழுப் பகுதியிலும் அங்கே மட்டும், அந்த இடி தலைக்கு மேலேயே விழுகிறது. திரும்ப வாசிக்காதவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். ஆல்ஃபிரட் பிரெண்டல் மாதிரி பெரியவர்களே திரும்ப வாசிக்கத் தேவையில்லை என்ற கட்சி, அவர்களுக்கும் காரணங்கள் உண்டு. ரிக்டரோ, எழுதியிருக்கிறது, வாசிக்கிறேன் என்ற ஆள். இருவரையும் கேட்டுவிட்டு நீங்களே ஒரு கட்சியில் சேர்ந்துகொள்ளுங்கள். நான் ரிக்டர் கட்சி. அந்த இடி ஒரு முறை விழுந்தபின் அடுத்து வருகிற ஒவ்வொரு மெல்லிய ட்ரில்லும் வேறு மாதிரி பயமுறுத்துகிறது.

1957இல் மாஸ்கோவுக்கு வாசிக்கப் போயிருந்த கனடாப் பியானோக்காரர் கிளென் கூல்ட், ரிக்டரின் கச்சேரியில் உட்கார்ந்து இதே சொனாட்டாவைக் கேட்டார். கூல்டுக்கு ஷூபர்ட்டின் திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள் என்றாலே ஒவ்வாமை. அன்றைக்கு அந்த நிதானத்தில் தான் மெய்மறந்து உட்கார்ந்துவிட்டதாகப் பின்னால் சொன்னார். அவருக்கே அப்படி என்றால் நமக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பகுதியில் இடது கை வலது கையைத் தாண்டித் தாண்டிப் போய் மேலே ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு வரும். அதைப் பற்றி எழுதினால் கெட்டுவிடும், கேளுங்கள்.

7. நாளுக்கு ஒரு பாக்

பாக்கின் 48 பிரெலூட்–ஃபியூக் ஜோடிகள், பி.டபிள்யூ.வி. 846 முதல் 893 வரை. 1970க்கும் 1973க்கும் இடையே ரிக்டர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பூர்க்கில் ஒரு அரண்மனையில் இவற்றைப் பதிவு செய்தார். அரண்மனை என்பதால் எதிரொலி அதிகம், பியானோ பக்கத்து அறையில் இருப்பது போல ஒலிக்கும். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

ஒரு நாளைக்கு ஒரு ஜோடி, அதற்கு மேல் வேண்டாம். பிரெலூட் முன்னால் வரும் முகப்பு. ஃபியூக் என்றால் ஒரு சின்ன வாக்கியம் முதலில் ஒரு குரலில் தனியாக வரும், பிறகு இன்னொரு குரல் அதையே எடுக்கும், பிறகு இன்னொன்று. புதியவர் இரண்டாவது ஜோடியிலிருந்து தொடங்கலாம், சி மைனர், மூன்றே குரல்கள். வாக்கியம் வரும் ஒவ்வொரு முறையும் ஒரு விரலை மடக்குங்கள். இடையில் எங்கேயாவது ஒன்றைத் தவற விடுவீர்கள், மறுநாள் பிடித்துவிடலாம்.

பாக் என்றதும் சொல்லாமல் விட முடியாத ஒரு விஷயம். ‘இத்தாலிய கான்செர்ட்டோ’ என்ற படைப்பை ரிக்டர் நாற்பது ஆண்டுகளாக வாசித்துவந்தார். வயதான காலத்தில் நோட்ஸைப் பார்த்து வாசிக்கும்போது, இரண்டாம் பகுதி முடிய மூன்று பார் (நோட்ஸில் ஒரு தாளக் கட்டம்) இருக்கையில், எஃப் வாசிக்க வேண்டிய இடத்தில் எஃப் ஷார்ப் வாசித்துவந்திருப்பது தெரிந்தது. அரைச் சுருதி வித்தியாசம். நாற்பது ஆண்டில் ஒரு இசைக்கலைஞரோ ஒலிப்பதிவாளரோ சொல்லவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? புதிதாக வந்த இசைத்தட்டில் அந்தத் தவறை, தன் வருத்தத்தோடு சேர்த்து, அச்சில் போட வைத்தார். ஐம்பதுகளில் செய்த பழைய பதிவிலும் அதே பிழை இருக்கிறது என்றும் சேர்த்து.

8. ஒற்றை விளக்கு

எண்பதுகளின் ரிக்டர் வேறு ஆள். அரங்கு முழுக்க இருட்டு, நோட்ஸ் மேல் மட்டும் ஒரு சின்ன விளக்கு, பக்கம் புரட்ட ஒருவர். மனப்பாடமாக வாசிப்பது பியானோ மேடையில் எழுதாத சட்டம், அதை அவர் தூக்கிப் போட்டார். நினைவைப் பற்றிய பயம் ஒரு காரணம். காது இன்னொரு காரணம். பிறவியிலேயே சுருதி ஞானம் துல்லியமாக இருந்தவருக்கு, வயதாக ஆக எல்லாம் அரைச் சுருதி, ஒரு சுருதி ஏறிக் கேட்க ஆரம்பித்தது. தான் தொடும் கட்டையும் காதில் விழும் ஸ்வரமும் பொருந்தாவிட்டால் மனப்பாடம் எப்படி நிற்கும்? இருட்டுக்கு அவர் சொன்ன காரணம் வேறு: கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தால் இசையைக் கேட்க மாட்டீர்கள்.

பெரிய அரங்குகளும் சலித்துவிட்டன. பிரான்சில் தூர் நகருக்குப் பக்கத்தில் 13ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம் ஒன்று அவருக்குப் பிடித்துப்போய், 1964இலேயே அங்கே ஓர் இசைவிழாவைத் தொடங்கியிருந்தார். விமானம் பிடிக்காது. 1986இல், 71 வயதில், காரில் சைபீரியாவைக் கடந்து, பெயர் தெரியாத சிற்றூர்களில் எல்லாம் வாசித்துக்கொண்டு போனார். மாதக்கணக்கில் நீண்ட பயணம். எந்தப் பியானோ கிடைத்தாலும் சரி என்ற மனநிலை, வசதி இருந்தால் யமஹா. கடைசி நேரத்தில் கச்சேரியை ரத்து செய்வதிலும் மன்னன்தான், டிக்கெட் வாங்கியவர்கள் பாவம்.

இந்தக் காலத்துப் பதிவுகளில் பழைய சோஃபியாக்காரரைத் தேடாதீர்கள். வேகம் குறைந்திருக்கும், வண்ணம் குறைந்திருக்கும், கட்டமைப்பு எலும்பு எலும்பாகத் தெரியும். எனக்கு இது பிடிக்க இரண்டு வருடம் ஆயிற்று.

9. எதை வாங்குவது, எதை விடுவது

ஒரே கச்சேரி வெவ்வேறு அட்டைகளில் வெவ்வேறு தேதியோடு கிடைக்கும். சில வெளியீடுகளில் ஊரும் நாளும் தவறாகவே இருக்கும். சந்தேகமாக இருந்தால் இருமலை ஒப்பிட்டுப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அதே இடத்தில் அதே இருமல் என்றால் அதே கச்சேரி.

பீத்தோவனின் 32 சொனாட்டாக்களின் முழுத்தொகுப்பை ரிக்டரிடம் தேட வேண்டாம், கிடையாது. பிடித்ததை மட்டும்தான் வாசிப்பார். ஐந்து பீத்தோவன் கான்செர்ட்டோக்களில் ஒன்றும் மூன்றும்தான். எல்லோரும் கேட்டும் நான்கையும் ஐந்தையும் தொடவில்லை.

1969இல் கராயன் ஆர்கெஸ்ட்ராவை நடத்த, வயலினில் ஒய்ஸ்ட்ராக், செல்லோவில் ரஸ்த்ரபோவிச், பியானோவில் ரிக்டர் மூவரும் சேர்ந்த பீத்தோவன் மும்மைக் கான்செர்ட்டோ கடையில் முதலில் கண்ணில் படும். அட்டையில் நால்வரும் அழகாகச் சிரிப்பார்கள். இன்னொரு முறை எடுக்கலாமே என்று ரிக்டர் கேட்டதற்கு நேரமில்லை, புகைப்படம் எடுக்க வேண்டும் என்று கராயன் சொன்னதாக ரிக்டரே சொல்லியிருக்கிறார். அது கடைசியில் இருக்கட்டும். ரஸ்த்ரபோவிச்சும் அவரும் மட்டும் வாசித்த பீத்தோவன் செல்லோ சொனாட்டாக்கள் அறுபதுகளின் தொடக்கத்தில் வந்தவை, அவற்றை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டாவுக்கு வரும்போது ஒரு வேலை. ரிக்டர் மேடைக்கு வந்து, உட்கார்ந்து, அசையாமல் மனதுக்குள் முப்பது வரை மெதுவாக எண்ணுவாராம். அரங்கில் எல்லோருக்கும் பதற்றம் வந்துவிடும், ஆளுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று. அதற்கு அப்புறம்தான் முதல் ஸ்வரம். நீங்களும் பொத்தானை அமுக்கும் முன் முப்பது எண்ணிப் பாருங்கள். வீட்டில் யாராவது என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

கடைசியாக ஹைடன். 1995 மார்ச்சில் ஜெர்மனியின் லூபெக் நகரில் அவர் வாசித்த கடைசி நிகழ்ச்சியில் ஹைடனின் சொனாட்டாக்கள் இருந்தன. பெரிய கலைஞர்கள் கச்சேரி தொடக்கத்தில் விரல் சூடேற்றிக்கொள்ளத்தான் ஹைடனை வைத்துக்கொள்வார்கள், இவர் வாழ்நாள் முழுக்க அவரை மதித்து வாசித்தார். ஒவ்வொன்றும் கால் மணி நேரம். காலை காபியோடு கேட்கலாம். இதற்கு மட்டும் மின்விசிறி ஓடலாம்.